வன்னிக்குக் கரவனில் வருகிறவர்களுக்கு: கக்கூசைச் சமாளிக்கும் வழி

எங்கள் பக்கம் கரவன் என்றால் சனம் நிசான் வானைத்தான் நினைக்கும். நான் சொல்வது வேறு வண்டி. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, ஒரு மூலையில் முழங்கால் சுவரில் இடிக்கிற அளவில் ஒரு கக்கூஸ் என்று எல்லாம் வைத்த சுற்றுலா வண்டி. வெளிநாட்டில் இருக்கிற அத்தான் அப்படி ஒன்றைச் செய்வித்து, கிளிநொச்சியில் எங்கள் வளவில் விட்டிருக்கிறார். ஆடி, ஆவணியில் பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் சொந்தக்காரர் மாறி மாறி எடுத்துக்கொண்டு போவார்கள். வவுனியா, மடு, வவுனிக்குளம், முல்லைத்தீவுக் கடற்கரை என்று சுற்றிவிட்டு வந்து, திறப்பைக் கையில் தரும்போது எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, கக்கூஸ் பழுது."

பத்துத் தடவையில் எட்டுத் தடவை அது பழுதில்லை. அந்தக் கக்கூஸ் குளிர் நாட்டுக்காகச் செய்தது. கடதாசியால் துடைக்கிற சனத்துக்காகச் செய்தது. வண்டிகள் தங்குகிற இடமெல்லாம் கழிவை ஊற்ற ஒரு தொட்டி கட்டி வைத்திருக்கிற ஊருக்காகச் செய்தது. வன்னியில் இந்த மூன்றும் இல்லை. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வண்டிக் கக்கூசை இரவுக்கும் அவசரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் ஊர்க் கக்கூசுக்குப் போங்கள்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். வண்டியின் கழிவுப் பெட்டியைக் கசெற் என்பார்கள். பொதுவாக 17 முதல் 20 லீற்றர் பிடிக்கும், எங்களுடையது 18. ஐந்து பேர் போகிறீர்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் சலம் என்றால் ஏழரை லீற்றர். தண்ணீரால் கழுவுகிறவர்கள் நாங்கள், ஒரு தடவைக்கு ஒரு லீற்றரில் முடித்தாலே பெரிய காரியம், அது ஐந்து. ஆளுக்கு நாலு தடவை, தடவைக்குக் கால் லீற்றர் என்று ஊற்றினாலும் இன்னும் ஐந்து. பதினேழரை வந்துவிட்டது, மற்றதை நான் இன்னும் கூட்டவில்லை. காலையில் கிளிநொச்சியில் ஏறினவர்களுக்கு இரவு முல்லைத்தீவில் படுக்க முதல், கசெற் நிரம்பிவிட்டது என்று காட்டுகிற சிவப்பு லைற் எரியும். அதைத்தான் பழுது என்கிறார்கள்.

"அப்ப காட்டுக்குள்ள போனால் என்ன?" என்று கேட்கிறவர்களும் உண்டு. முந்தி அப்படித்தான் இருந்தோம், உண்மை. ஆனால் இப்போது தெரியாத காட்டுக்குள் இறங்காதீர்கள். போர் முடிந்தது 2009 இல். முகமாலைப் பக்கம் ஹலோ ட்ரஸ்ட் ஆட்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்காக மிதிவெடி கிண்டினார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வீதியை விட்டு ஓரடியும் வைக்கக்கூடாது. பலகை இல்லை என்பதற்காக இடம் சுத்தம் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஊர்ச் சனம் நடக்கிற பாதையா என்று கேளுங்கள். மிதிவெடி இல்லாத இடத்தில் யானை, விரியன், பாலைப்பழக் காலம் என்றால் கரடி. இருட்டில் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்றுதான் இந்தக் கக்கூசையே நான் இன்னும் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

பீங்கானுக்கு அடியில் தட்டு ஒன்று இருக்கும். பக்கத்தில் உள்ள நெம்பை இழுத்தால் தட்டு விலகும், விழுவது கீழே கசெற்றுக்குள் போகும். தட்டைச் சுற்றி ஒரு றப்பர் வளையம். மணமும் தண்ணீரும் மேலே வராமல் காப்பது அந்த வளையம்தான். கசெற்றை வண்டியின் வெளிப்பக்கத்தில் உள்ள சின்னக் கதவைத் திறந்து இழுத்து எடுக்கலாம். கழுவுகிற தண்ணீரைத் தள்ள 12 வோல்ற் பம்ப் ஒன்று. கசெற்றுக்குள் ஒரு மிதவை, அது உயர்ந்தால் சிவப்பு லைற். இவ்வளவுதான். சைக்கிள் ஒட்டுப் போடத் தெரிந்தவருக்கு இதைப் பார்க்கவும் தெரியும்.

சிலருடைய வண்டியில் இது இருக்காது, தூக்கி வைக்கிற பிளாஸ்டிக் கக்கூஸ் இருக்கும். மேல் பாதி நல்ல தண்ணீர், கீழ் பாதி கழிவு, இடையில் ஒரு தட்டு. கரண்ட் வேலை இல்லாததால் பழுதும் குறைவு. புதிதாக வண்டி செய்விக்கிறவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் போடச் சொல்வேன்.

புறப்பட முதல் நாள்

கசெற்றை வெளியே எடுத்து இரண்டு லீற்றர் தண்ணீர் விடுங்கள். தட்டை மூடி, மூடியை இறுக்கி, முற்றத்தில் பழைய பேப்பர் விரித்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பாருங்கள். பேப்பரில் ஈரம் இருந்தால் வளையம் போய்விட்டது, அல்லது அதில் ஏதோ ஒட்டியிருக்கிறது. விரலால் சுற்றித் தடவுங்கள். மணல் போல ஒரு பொருக்கு கையில் தட்டுப்படும். அது மணல் இல்லை, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல். கேத்தல் அடியில் படிகிற அதே வெள்ளைதான். சலத்தோடு சேர்ந்தால் இன்னும் இறுகும்.

அதை எடுக்கக் கத்தியோ கம்பியோ வேண்டாம். சித்திரிக் அமிலப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, பழைய துணியில் நனைத்து ஒரு மணித்தியாலம் போர்த்திவிட்டுத் துடையுங்கள். பொடி கிடைக்காவிட்டால் தேசிக்காயும் வேலை செய்யும், பொறுமைதான் வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, றப்பருக்கு ஒலிவ் எண்ணெய் ஒரு துளி பூசுங்கள். அக்கா ஒருமுறை தேங்காய் எண்ணெய் பூசினார். வீட்டில் அதுதானே இருக்கிறது. ஆனால் அதுவும் வேண்டாம். வேறு மரக்கறி எண்ணெயும் வசிலின் போன்ற களிம்பும் வேண்டாம், அவை றப்பரைக் கெடுத்து ஒழுகச் செய்யும்.

குளோரின் பவுடரும், கக்கூஸ் கழுவுகிற அசிட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. றப்பர் வெடிக்கும் என்பது ஒன்று. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் நச்சு வாயு வரும் என்பது அதைவிடப் பெரிது; குளோரின் சலத்தோடு சேர்ந்தாலும் நல்லதில்லை. அந்தச் சின்ன அறைக்குள் மூச்சுவிடக் காற்றே குறைவு.

வளையம் உண்மையாகவே வெடித்திருந்தால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கடை கடையாக ஏறி இறங்கிப் பிரயோசனம் இல்லை. வெளிநாட்டில் இருந்து வருகிறவரிடம் சொல்லி, கசெற்றின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிற மாதிரி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, இரண்டு வளையம் கொண்டுவரச் சொல்லுங்கள். சொக்லேற் ஒரு பெட்டி குறைந்தால் பரவாயில்லை.

கழுவுகிற தண்ணீர்த் தாங்கிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். குடிக்க விற்கிற ஆர்.ஓ. தண்ணீரை விடுங்கள். பத்து லீற்றருக்கு ஆகிற காசு, கல் படிந்து நின்றுபோன பம்புக்குக் கொடுக்கிற காசுக்கு முன் ஒன்றுமில்லை.

பாவிக்கிற முறை

உள்ளே கை ஷவர் பூட்டாதீர்கள். எங்கள் அத்தான் பூட்டினார், இரண்டு பேர் போய் வந்ததும் கசெற் பாதி. அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு நிரப்பி வையுங்கள், போத்தல் என்றால் கை தானாகச் சிக்கனம் பிடிக்கும். ஆண்களுக்குச் சலத்துக்குத் தனியாக மூடி இறுகுகிற கான் ஒன்று இருந்தால் கசெற் நிரம்ப இன்னும் நேரம் எடுக்கும். கடதாசி பாவிக்கிற பிள்ளைகள் வந்தால் அதைத் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். ஈரத் துடைப்பான் என்று வருகிறதே, அது கசெற்றுக்குள் போகவே கூடாது. போனால் தட்டில் சிக்கி, நீங்கள்தான் கைவிட்டு எடுக்க வேண்டும்.

பகலில் எங்கே? ஏ9 வீதியில் போகிறவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. முறிகண்டியில் எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் எந்த வண்டி போகிறது? சாப்பாட்டுக் கடை, எரிபொருள் நிலையம், இறங்குகிற இடத்தில் எல்லாம் போய்விட்டு வாருங்கள், தேவை இல்லாவிட்டாலும். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பினால் இடைவெளி கூடும். ஆகவே மாங்குளத்தில் எல்லாரையும் இறக்குங்கள். "எனக்கு வரேல்லை" என்கிற பிள்ளை ஒட்டுசுட்டான் தாண்ட முதல் கத்தும்.

ஓடுகிற வண்டியில் யாரும் பாவிக்கக்கூடாது. தட்டு மூடியிருக்கிறதா, பீங்கானில் தண்ணீர் நிற்கிறதா என்று புறப்பட முதல் ஒருவர் பார்க்க வேண்டும். உள்ளூர்க் கிரவல் வீதியில் ஒரு கிடங்கு போதும், நின்ற தண்ணீர் படுக்கைக்கு வந்துவிடும்.

வெயில்

குளிர் நாட்டில் மூன்று நாலு நாள் தாங்குகிற கசெற், ஆடி வெயிலில் மறுநாளே புளிக்கும். உள்ளே வாயு கட்டும். வண்டியை நிறுத்தும்போது கசெற் இருக்கிற பக்கம் மேற்கு வெயிலுக்குப் போகாமல் பாருங்கள். பாலையோ மருதோ புளியோ, எது கிடைத்தாலும் அதன் கீழ். கசெற் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் நாளுக்கு ஒருமுறை வெறுமையாக்குங்கள்.

நெம்பை இழுக்கும்போது ஒரு விரல் அளவு மட்டும் இழுத்து, வாயு போகவிட்டு, பிறகு முழுதாகத் திறக்க வேண்டும். மூடி பீங்கானில் இருக்கட்டும், முகம் தள்ளி இருக்கட்டும். நாயாற்றுப் பக்கம் ஒரு நாள் வண்டி காலை முழுக்க வெயிலில் நின்றது. பின்னேரம் அத்தான் உள்ளே போய் நெம்பை ஒரே இழுப்பாக இழுத்தார். புஸ் என்று ஒரு சத்தம், அதற்கு மேலே அத்தானின் சத்தம். வெளியே வந்தவரை அக்கா கிட்ட அண்டவிடவில்லை. "முதல்ல கடலுக்குள்ள இறங்கிட்டு வாங்கோ. பிறகு கதைப்பம்."

வெறுமையாக்குவது

இதில்தான் நிதானம் வேண்டும். வன்னியில் கரவன் கழிவு ஊற்ற என்று கட்டிய இடம் இல்லை. இருப்பது வீடுகளின் நீரடைப்பு மலசலகூடமும் அதன் பின்னால் உள்ள குழியும். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் போகாதீர்கள். கசெற்றைத் தூக்கிக்கொண்டு படலையில் நிற்காதீர்கள், முதலில் வெறும் கையோடு போய்க் கதையுங்கள். கோடையில் அவர்களுடைய கிணறும் அடியில்தான் கிடக்கும், ஆகவே தண்ணீர் உங்களுடைய கானில் கொண்டுபோங்கள். காசு நீட்டினால் சில வீட்டில் முகம் மாறும். முறிகண்டிக் கச்சான் ஒரு பை கொடுத்தால் மாறாது.

ஒட்டுசுட்டான் பக்கம் தெரிந்த மாமி ஒருவர் வீட்டில்தான் நான் முதன்முதல் ஊற்றினேன். மாமி பின்னாலேயே வந்து நின்று பார்த்தார்.

"தம்பி, உதென்ன நீலமாக் கிடக்கு?"

"மணக்காமல் இருக்கப் போடுற மருந்து, மாமி."

"மருந்தெண்டால் கிருமியைக் கொல்லுமோ?"

"ஓம்."

"அப்ப எங்கட குழிக்குள்ள கிடந்து தின்னுற கிருமியையும் கொல்லுமெல்லோ. அது செத்தால் குழியை ஆர் பாக்கிறது? கிணறும் அங்கால கிடக்கு."

எனக்குப் பதில் இல்லை. மாமி சொன்னது அத்தனையும் சரி. நீல மருந்துகளில் சிலது போமலின் இனம். குழியில் கழிவைக் கரைக்கிற நுண்ணுயிரை அது கொல்லும். அன்றைக்குப் பிறகு நாங்கள் போமலின் இல்லாத பச்சை வகைதான், அதுவும் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. தினமும் வெறுமையாக்கினால் மருந்தே இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஊற்றும்போது அவசரப்படாதீர்கள். நீரடைப்புக் கோப்பை ஒரு தடவைக்கு இரண்டு லீற்றர் தண்ணீரில் கழுவுகிற மாதிரி அமைத்தது. 18 லீற்றரை ஒரே மூச்சில் கவிழ்த்தால் மேலால் வரும், அதுவும் பிறத்தியார் வீட்டில். குழலைக் கோப்பைக்குக் கிட்டப் பதித்து, கால்வாசி ஊற்றி, ஒரு வாளி தண்ணீர் விட்டு, இறங்கும் வரை நின்று, திரும்ப ஊற்றுங்கள். கசெற்றில் காற்றுவிடுகிற பொத்தான் ஒன்று இருக்கும். ஊற்றும்போது அதை அமத்திப் பிடித்தால் குளுக் குளுக் என்று தெறிக்காது. வெறுமையாக இருக்கும்போது பொத்தானை அமத்தி ஒருமுறை பழகிப் பாருங்கள், நிரம்பியிருக்கும்போது தேடக்கூடாது. முடிந்ததும் இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் ஊற்றி, அவர்களுடைய கோப்பையையும் நிலத்தையும் தேய்த்துக் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். கையுறை, சவர்க்காரம் இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

குளத்துக்குள், வாய்க்காலுக்குள், வடிகாலுக்குள், கடற்கரை மணலுக்குள் ஊற்றுவது பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடக்கிறது. இரணைமடுவில் இருந்து வாய்க்காலில் வருகிற தண்ணீர் வயலுக்குப் போகிறது, அதில் குளிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வழியில் யாரும் இடம் தராவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ பிரதேச சபையையோ கேளுங்கள், எங்கே ஊற்றலாம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மாரியில் இன்னொரு சிக்கல். கார்த்திகை, மார்கழி மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழியே நிரம்பி நிற்கும். வீட்டுக்காரரே வாளி வாளியாகத் தண்ணீர் விட்டும் இறங்காமல் தவிக்கிற காலம் அது. அப்போது உங்கள் கசெற்றையும் கொண்டுபோய் நிற்காதீர்கள். மாரியில் வண்டிக் கக்கூசைப் பூட்டிவிட்டு, கழிவறை உள்ள விடுதியில் தங்குவது மேல்.

அடம் பிடித்தால்

கசெற் வெளியே வரவில்லை என்றால் தட்டு முழுதாக மூடவில்லை. மூடாமல் இழுக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். காலை வைத்து உதைக்காதீர்கள், உள்ளே போய் நெம்பை முழுதாகத் தள்ளுங்கள்.

நெம்பு அசையவில்லை என்றால் கசெற் சரியாகப் போய் இருக்கவில்லை, அல்லது றப்பர் காய்ந்து ஒட்டிவிட்டது. கசெற்றை எடுத்துத் திரும்பப் போடுங்கள். "டக்" என்று பிடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். ஒட்டியிருந்தால் தட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கால் மணித்தியாலம் பொறுங்கள். பலம் பாவித்தால் நெம்பு உடையும், எங்களிடம் ஒன்று உடைந்து கம்பி கட்டி ஓடியிருக்கிறது.

தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதித் தடவை அதுதான். பிறகு பியூஸ். பிறகு பற்றரி. பம்ப் உறுமுகிறது, தண்ணீர் இல்லை என்றால் காற்றோ கல்லோ அடைத்திருக்கிறது. எதுவும் சரிவராவிட்டால் போத்தலால் ஊற்றுங்கள், பம்ப் இல்லாமல் முழு விடுமுறையும் ஓட்டலாம்.

வெறும் கசெற்றுக்கும் சிவப்பு லைற் எரிந்தால் மிதவையில் அழுக்கு. தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள்.

எல்லாம் கைவிட்டால்: உமி வாளி

மூடி இறுகுகிற 20 லீற்றர் வாளி ஒன்று, நெல் ஆலையில் இருந்து ஒரு பை உமி, கொஞ்சம் அடுப்புச் சாம்பல். வாளியின் அடியில் நாலு விரல் உமி போடுங்கள். ஒவ்வொரு தடவையும் மேலே இரண்டு பிடி உமியும் சாம்பலும் தூவி மூடுங்கள். சலமும் கழுவுகிற தண்ணீரும் இதற்குள் போகக்கூடாது, அவற்றுக்கு வேறு கான். ஈரம் சேராவிட்டால் மணம் வராது. நம்பாதவர்கள் ஒரு இரவு பாவித்துப் பார்க்கட்டும். எங்கள் மாமா 18 லீற்றர் இயந்திரத்தை விட்டு இப்போது இதைத்தான் கேட்கிறார். பிறகு அதை வளவுக்காரரின் அனுமதியோடு கிணற்றில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி, ஆழமாகக் கிடங்கு வெட்டி மூடுங்கள். மரக்கறித் தோட்டத்துப் பக்கம் வேண்டாம். புழு முட்டை மண்ணுக்குள் நெடுநாள் உயிரோடு கிடக்கும்.

திரும்பி வந்த பிறகு

விடுமுறை முடிந்து வண்டி பத்து மாதம் வளவில் நிற்கும். மற்ற வருடம் "பழுது" என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தப் பத்து மாதம்தான். தாங்கியில் உள்ள தண்ணீரை முழுதாக இறக்குங்கள். கசெற்றைக் கழுவி நிழலில் காயவிட்டு, றப்பருக்கு எண்ணெய் தொட்டு, தட்டைக் கொஞ்சம் திறந்தபடி, மூடியைத் தளர்த்தி வையுங்கள். மூடி இறுக்கி வைத்தால் றப்பர் அமுங்கி அப்படியே நிற்கும். காற்றுப் போகிற துளைகள் எல்லாவற்றுக்கும் பழைய நுளம்புவலையில் ஒரு துண்டு வெட்டிக் கட்டுங்கள். நான் ஒரு வருடம் கட்டாமல் விட்டேன். அடுத்த ஆடியில் கசெற் ஊற்றும்போது காற்றே போகாமல் தெறித்துக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் காற்றுத் துளைக்குள் குளவி மண் குழைத்து, வரிசையாக ஐந்து அறை கட்டி வைத்திருந்தது.